மப்ளர் பின்னுவது வீண்வேலையா?

“ஆரணியில் கம்பளிக்கு என்ன வேலை?” இக்கேள்வியை இவ்வாண்டு நாங்கள் கேளாத நாளே இல்லை எனலாம். தையல் வகுப்பில் மேல்வகுப்பு மாணவியராகிய நாங்கள் பல வண்ணக் கோடுகள் போட்ட மப்ளர் பின்னத் தொடங்கிய நாள்முதல் வீட்டிலும் தெருவிலும் இதே பேச்சுதான். ஏன், பள்ளி வாயிலில் கொய்யாப்பழம் விற்கும் ஆயாகூட ஊசிகளைப் பார்த்துவிட்டு, “இந்த வெயிலுக்கு விசிறி பின்னினாலாவது உதவுமே, பாப்பா!” என்று சிரித்தார். சிரிக்கட்டும். எனினும் சிரிப்புக்குப் பின்னால் சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மிகவும் கனமானது. அதற்கு விடை சொல்லாமல் ஊசியை மூடி வைக்க எங்களுக்கு மனமில்லை. ஆண்டு மலரில் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறோம்.

முதலில், நாங்கள் பின்னியது என்னவென்று சொல்லிவிடுகிறோம். வழக்கமான மப்ளர் நீளத் துண்டு போன்றது. நாங்கள் பின்னியதோ முனைகள் இணைந்த ஒரு வளையம். தலைவழியாக மாட்டிக்கொண்டால் கழுத்தில் படிந்து நிற்கும். சைக்கிளில் வரும் தோழியருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்க இதற்கு முனையே கிடையாது. சுற்றளவு 22 அங்குலம், உயரம் 9 அங்குலம். அங்குலத்துக்கு ஐந்து கண்ணி, ஏழு வரிசை என்பது எங்கள் கைக்கணக்கு. எனவே 110 கண்ணிகள், 63 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள், 6,930 கண்ணிகள்! இதையே பக்கவாட்டில் திருப்பி, 45 கண்ணி அகலத்தில் 154 வரிசை பின்னி முனைகளைச் சேர்த்தாலும் அதே 6,930தான். கணக்கு டீச்சரிடம் காட்டினோம். மகிழ்ந்தார். ஆனால் தையல் பீரியடைத் திருப்பித் தரவில்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

இரண்டு முறைக்கும் கண்ணி எண்ணிக்கை ஒன்றே என்றாலும் கோடுகள் ஒன்றல்ல. முதல் முறையில் கோடுகள் கழுத்தைச் சுற்றி வளையல் போல ஓடும். இரண்டாவது முறையில் மேலிருந்து கீழாக நிற்கும். ஆரணிப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. சேலையின் நீளத்தில் கோடு வேண்டுமானால் பாவு ஓட்டும்போதே எந்த நிறத்துக்கு எத்தனை இழை என்று முடிவு செய்துவிட வேண்டும். தறியில் ஏற்றிய பிறகு மனம் மாறினால் மாறியதுதான், நூல் மாறாது. குறுக்குக் கோடு அப்படியல்ல, நாடாவை மாற்றினால் போதும். மப்ளரில் வரிசைதோறும் மனத்தை மாற்றிக்கொள்ளலாம். பச்சைக்குப் பிறகு நீலம் என்று நினைத்திருந்தவள், பக்கத்துத் தோழியின் ஆரஞ்சைப் பார்த்து ஆசைப்பட்டால் அடுத்த வரிசையிலேயே ஆரஞ்சு வந்துவிடும். பிடிக்கவில்லையா? நூலை இழுத்தால் சரசரவென்று பிரிந்து பழையபடி உருண்டையாகிவிடும். நெய்த பட்டை அப்படிப் பிரிக்க எந்த நெசவாளரும் துணியமாட்டார்.

பின்னலுக்கும் நெசவுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையே இதுதான். நெசவில் இரண்டு நூல் தொகுதிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு அழுத்திப் பிடிக்கின்றன. அதனால் துணி நீளாது, சேலை மடிப்புக் கலையாது நிற்கிறது. பின்னலிலோ ஒரே நூல் தன்னைத்தானே கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. கண்ணி விரிந்து கொடுப்பதால்தான் மப்ளர் வளையம் தலையைத் தாண்டி இறங்கிக் கழுத்தில் மீண்டும் சுருங்குகிறது. திருப்பூர் பனியனின் இரகசியமும் இதுவே. அங்கு ஊசிகளை இயந்திரம் ஆட்டுகிறது, இங்கு நம் விரல்கள் ஆட்டுகின்றன.

வளைய ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னினால் நிறம் மாறும் இடத்தில் படிக்கட்டுப் போல ஒரு சிறு ஏற்றம் விழும். ஏனெனில் அவ்வரிசை உண்மையில் வட்டமன்று, சங்கின் சுழிபோல மேலேறிச் செல்வது. இதைத் தவிர்க்கவே நாங்கள் நேர் ஊசியில் பின்னிப் பக்கத்தைத் தைத்தோம். தைக்கும்போது கோட்டோடு கோடு பொருந்த வேண்டும். சேலைக் கரையையும் உடலையும் கோர்வையில் இணைப்பவர்களின் பொறுமை என்னவென்று அப்போதுதான் எங்களுக்கு ஓரளவு விளங்கியது.

கோடு போடும் ஆசை மனிதருக்கு மிகப் பழையது. எகிப்து நாட்டில் அந்தினூப்போலிஸ் என்னும் பண்டைய நகரின் குப்பைமேட்டில் ஒரு குழந்தையின் இடக்கால் உறை கிடைத்தது. அது இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செருப்பு வார் மாட்டுவதற்கு வசதியாகப் பெருவிரலுக்குத் தனி அறை வைத்துச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் கோடு கோடாக ஏழு நிறச் சாயைகள். இரட்டை ஊசிப் பின்னல் வருவதற்கு முன்பிருந்த, ஒற்றை ஊசியால் கோத்துச் செல்லும் முறையில் அது செய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று அதன் சாயங்களைப் பிரித்துப் பார்த்தது. மூன்றே மூன்று செடிகள்தாம்: ஒன்றின் வேரிலிருந்து சிவப்பு, இன்னொன்றின் இலையிலிருந்து நீலம், மற்றொன்றின் பூவிலிருந்து மஞ்சள். இவற்றைக் கலந்தும் ஒன்றன்மேல் ஒன்று தோய்த்துமே ஏழு நிறம் வரவழைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் அவுரி நீலத்தையும் சாயவேர்ச் சிவப்பையும் வைத்துக்கொண்டு பல நிறம் கண்டவர்கள் இருந்தார்கள். அந்தக் காலுறையைப் பின்னிய தாயின் பெயரோ பாட்டியின் பெயரோ யாருக்கும் தெரியாது. குழந்தையின் கால் குளிரக்கூடாது என்று நினைத்தவர் கோடும் போட வேண்டும் என்று எதற்காக நினைத்தார்? குளிருக்குக் கோடு தேவையில்லையே! எங்களுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று.

சரி, வெயில் ஊரில் மப்ளர் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். மார்கழி அதிகாலையில் கமண்டல நாக நதிப் பக்கம் நடந்து பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள் என்றாலும், மற்ற பத்து மாதங்களுக்கு இக்கேள்வி நியாயமானதே என்பதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்திலேயே போளூரைத் தாண்டிச் சவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் அங்கே பிள்ளைகள் போர்வையோடு வகுப்புக்கு வருவார்கள் என்று விடுதியில் தங்கிப் படிக்கும் மலைத்தோழியர் சொல்கிறார்கள். தேவை என்பது நம் தெருவிலேயே இருக்க வேண்டுமா?

“கடையில் வாங்கி அனுப்பலாமே” என்பது அடுத்த பேச்சு. வாங்கலாம். குளிர்காலத்தில் தமிழ்நாட்டின் பல நகரங்களுக்குத் திபெத்திய அகதிக் குடும்பங்கள் வந்து சாலையோரத்தில் ஸ்வெட்டரும் மப்ளரும் விற்கிறார்கள். பெரும்பாலும் பஞ்சாபில் உள்ள லூதியானாவில் இயந்திரத்தில் பின்னிய சரக்கு அது. நாங்கள் நூலுக்குக் கொடுத்த காசுக்கு முழு மப்ளரே வாங்கிவிடலாம். இதை நாங்கள் மறைக்கவில்லை.

ஒரு சிறு செய்தி. கடையில் கம்பளி நூல் என்று சொல்லிக் கொடுத்த நூலில் ஒரு துண்டையும், அறுந்த பட்டு இழை ஒன்றையும் வேதியியல் ஆய்வகத்தில் டீச்சர் முன்னிலையில் எரித்துப் பார்த்தோம். பட்டு, தலைமுடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலானது. உண்மைக் கம்பளியும் அப்படித்தான் எரிய வேண்டும், ஏனெனில் இரண்டும் உயிரினம் தரும் புரதம். எங்கள் நூலோ உருகிக் கறுத்த மணியாக இறுகியது. ஆக, அது ஆடு தந்ததன்று, அக்ரிலிக்! சந்தையில் உல்லன் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி இதுதானாம். துவைக்க எளிது, பூச்சி அரிக்காது என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். பட்டுச்சேலை வாங்கும் தாய்மார்களும் இந்தச் சோதனையை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி, நாங்கள் கனமானது என்று சொன்ன கேள்வி. அது நெசவாளர் வீடுகளிலிருந்து வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் சொன்னார்: “நாலு தலைமுறையா தறிக்குழியில காலை விட்டு உக்காந்துட்டோம். நூலும் இழையும் எங்களோட போகட்டும்மா. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது அங்கயும் நூலைப் பிடிக்கவா?” இதைக் கேட்டபின் எங்களில் பலர் அன்று ஊசியைத் தொடவில்லை. அந்தத் தாய் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. விடியுமுன் எழுந்து தார் சுற்றி, சமையல் முடித்து, பாவு பிணைக்கும் நாளில் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி இணைத்து, இரவில் கண்ணெரிச்சலோடு படுப்பவர் அவர். 2019-20ஆம் ஆண்டு எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்போர் ஏறத்தாழ 35 இலட்சம் பேர். அவர்களில் 100க்கு 72 பேர் பெண்கள். ஆனால் நெசவாளர் என்றதும் நம் கண்முன் வருவது தறியில் அமர்ந்த ஓர் ஆணின் உருவம்தானே!

இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறும் உண்டு. 1953ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என ஒரு திட்டம் கொண்டுவந்தார். நெசவாளியின் பிள்ளை நெசவு, குயவரின் பிள்ளை மண்பாண்டம், சலவைத் தொழிலாளியின் பிள்ளை சலவை! பெரியாரும் மற்றும் பலரும் இதைக் குலக்கல்வி என்று கூறிக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் திட்டம் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டிராவிட்டால் எங்களில் எத்தனை பேர் இப்பத்தாம் வகுப்பு வரை வந்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறோம். எனவே கைத்தொழில் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தத் தாய் அஞ்சுவதற்கு அடிப்படை உண்டு.

ஆனால், தோழியரே, இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பிறப்பைக் காட்டி ஒருத்தியின் கையில் திணிப்பது வேறு, வகுப்பிலுள்ள எல்லார் கையிலும் ஒன்றாகக் கொடுப்பது வேறு. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் எல்லாக் குழந்தைக்கும் பொது. எங்கள் தையல் வகுப்பில் தறிக்காரர் மகளும், அரிசி ஆலைக்காரர் மகளும், மருத்துவர் மகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து அதே 110 கண்ணியைத்தான் போட்டார்கள். யாருடைய கோடு நேராக வந்தது என்று கேட்கிறீர்களா? தறிக்காரர் மகளுடையதுதான். இழையின் இறுக்கம் அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பில் முதன்முறையாக மற்றவர்கள் அவளிடம் போய், “எனக்கும் சொல்லிக் கொடேன்” என்று நின்றார்கள். அதுவரை அவள் தன் விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் சாயத்தைப் பாவாடைக்குள் மறைத்தே பழகியவள்.

இன்னொரு பயனும் கண்டோம். நிமிடத்துக்கு எட்டுக் கண்ணி என்று வைத்தால் 6,930 கண்ணிக்கு 14 மணி நேரத்துக்கு மேலாகிறது. பின்னி முடித்த மப்ளரைப் பார்த்த உறவினர் ஒருவர், “நூறு ரூபாய் தருகிறேன், கொடு” என்றார். நூலின் விலையை விட்டுவிட்டாலும் மணிக்கு ஏழு ரூபாய்! கேட்டவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மப்ளருக்கே இப்படியென்றால், வாரக்கணக்கில் நெய்த பட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, “கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்று கேட்கும்போது நெய்தவர் மனம் என்ன பாடுபடும்? அதே பாணியில் விசைத்தறியில் ஓட்டிய சேலையோடு அதை ஒப்பிட்டுப் பேசும்போது? 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் வாங்குபவரின் கண்ணுக்கு வேற்றுமை தெரியாவிட்டால் சட்டம் தனியாக என்ன செய்யும்? ஒருமுறையேனும் தன் கையால் ஒரு பொருளை முழுமையாகச் செய்தவளுக்கு அந்தக் கண் கிடைக்கிறது. நாங்கள் யாவரும் நாளை நெசவாளர் ஆகப் போவதில்லை. ஆனால் நாங்கள் யாவரும் சேலை வாங்கப் போகிறவர்கள்.

கன்னியர் மடங்களுக்கும் ஊசி நூலுக்கும் உள்ள உறவு எங்கள் அருட்சகோதரியர் அறியாததன்று. 1897இல் பெல்ஜிய நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் டி மீஸ்டர் ஆதரவற்ற பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அதற்கும் முன்பே, நாகர்கோவிலில் சீர்திருத்தச் சபை மிஷனரியான மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் வேலை, அடிமை முறை நிலவிய அன்றைய திருவிதாங்கூரில், சில பெண்கள் தம் விடுதலைக்கான தொகையைத் தாமே ஈட்டிக் கொடுக்க உதவியது. பிறப்பு விதித்த வேலையிலிருந்து வெளியே வர அங்கே ஊசி உதவியிருக்கிறது. அந்தத் தாயாருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதைத்தான். கையில் இருப்பது நூலா எழுதுகோலா என்பதைவிட, அதைக் கீழே வைக்கும் உரிமை அவளுக்கு உண்டா என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

தேர்வு வந்துவிட்டால் தையல் பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. வாரத்துக்கு இரண்டு என்று அட்டவணையில் இருப்பது, டிசம்பருக்குப் பின் அட்டவணையில் மட்டுமே இருக்கிறது. பெற்றோரும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லப்படுகிறது. விரும்புகிறவர்கள் மேலே உள்ள பெருக்கல் கணக்கை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம்.

எங்களுக்கு ஒரு குறையும் உண்டு, பணிவோடு சொல்லிவிடுகிறோம். ஆண்டுதோறும் நடக்கும் கைவினைக் கண்காட்சி மேசையில் எம்பிராய்டரி மேசைவிரிப்பும், குரோஷா பையும், இவ்வாண்டு எங்கள் மப்ளரும் அழகாக அமர்ந்திருந்தன. புவிசார் குறியீடு பெற்ற பட்டை நெய்யும் ஊரில் அமைந்த ஒரு பள்ளியின் மேசையில் தறியைச் சேர்ந்த ஒரு தார்க்குச்சிகூட இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கைவேலை என்றால் கலை, தெருவில் நடக்கும் கைவேலை என்றால் பிழைப்பு என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோமா? ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாள். 1905இல் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015முதல் கொண்டாடப்படுகிறது. முதல் விழா நடந்ததும் சென்னையில்தான். அந்நாளில் மாணவியரின் தாய்மார் இருவரை அழைத்து, பாவு பிணைப்பதை எங்களுக்குக் காட்டச் சொன்னால் என்ன? மேடையில் பேச வேண்டியதில்லை. ராட்டையோடு வந்து அமர்ந்தால் போதும், நாங்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அதைப் பள்ளியோ பெற்றோர் சங்கமோ கொடுத்தாக வேண்டும்.

இவ்வாண்டு பின்னிய மப்ளர்கள் 31. ஒன்பது இன்னும் ஊசியில் இருக்கின்றன, விடுமுறையில் வீட்டில் வைத்து முடிப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கார்த்திகைக்கு முன் எல்லாம் சவ்வாது மலைக்குப் போகும். நிறங்களை நாங்களே தேர்ந்தெடுப்பது முறையன்று என்று கருதி, மலைத்தோழியர் மூலம் அங்குள்ள சிறுமியரிடமே கேட்டனுப்பினோம். அழுக்குத் தெரியாத நிறமாகக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். சிவப்பும் மஞ்சளும் கேட்டிருக்கிறார்கள். ஒரு சிறுமி மட்டும், எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனையும் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.